கொடையா, பங்கா? - புலம்பெயர்ந்தோர் அமைப்புகளைப் பற்றி ஒரு திறனாய்வு

மலர்க் குழுவினர் இந்த முறையும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். கல்வெட்டு பற்றித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கல்வெட்டு கொஞ்சம் வரும். ஆனால் இந்தத் தடவை கணக்குப் புத்தகத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம். தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாயுமுன் கடையிலேயே உண்டு முடித்துவிடுகிற வழக்கம். அதனால் கடை அடைத்து வீடு திரும்பியதும் சாப்பாட்டு வேலை கிடையாது, புத்தகம்தான். படித்தவற்றைப் பண்டிதர் போல எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லதா சொத்தையா என்று சொல்லத் தெரியும். அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன்.

சொந்த ஊரை விட்டு வந்த மக்கள் தங்களுக்குள் கூடி, தங்களில் எளியவர்களின் பிழைப்பை உயர்த்துவதற்காக ஏற்படுத்திக்கொண்ட அமைப்புகள் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் 1894ல் மெக்சிகோ வழிவந்தவர்கள் 'அலியான்சா இசுப்பானோ அமெரிக்கானா' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒருவர் இறந்தால் அந்தக் குடும்பத்தைக் கைவிடாமல் காப்பது அதன் முதல் வேலை. எந்த மொழிக்காரனாக இருந்தாலும் அயலூரில் முதலில் தேடுவது இப்படி ஒரு கைத்தாங்கலைத்தான். நம்மவர்களும் தேடினார்கள், கட்டினார்கள். கட்டியவற்றில் எது நின்றது, எது சாய்ந்தது, ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாலையும் நாமும்

சாலைக் கடைத்தெருவை அமைத்தவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசர். தலைநகரத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தத் தெருவில் தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இவர்களில் ஒரு பகுதியார் வீட்டை விட்டு நகராமலே வெளிமாநிலத்தார் ஆனவர்கள்! 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. முந்தின நாள் வரை நாகர்கோவிலும் சாலையும் ஒரே மாநிலம். மறுநாள் சொந்தங்கள் அங்கே, கடை இங்கே.

சாலையில் தமிழன் என்றால் கடை முதலாளி என்று நினைப்பது தவறு. கடைக்குக் கடை எடுபிடி நிற்பவர், மூட்டை தைப்பவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், தள்ளுவண்டிக்காரர், இஸ்திரிக்காரர் எல்லாரும் தமிழர்தாம். ஆண்டுவிழா மேடையில் இவர்கள் இருப்பதில்லை. நாற்காலி வரிசையில் கடைசியில் இருப்பார்கள், அல்லது நாற்காலி போட்டவர்களாக இருப்பார்கள்.

ஒரு பரிசளிப்பு விழா

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பில் நான் பொருளாளராக இருந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கடையில் வேலை பார்த்த ஒருவர், மகளை நர்சிங் படிப்பில் சேர்க்கப் பண உதவி கேட்டு வந்தார். கொடுக்கலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டோம். ஆண்டுவிழா மேடையில் வைத்துக் கொடுத்தால் மற்றவர்களுக்கும் கொடுக்கத் தோன்றும் என்று யோசனை சொன்னவன் நானே. அந்தப் பெண் மேடை ஏறினாள். சிறப்பு விருந்தினர் உறையைக் கொடுக்க, புகைப்படக்காரர் "கொஞ்சம் இப்படித் திரும்பும்மா" என்றார். தலையைக் குனிந்தே நின்றாள். மலரில் படமும் வந்தது.

முதல் ஆண்டுக் கட்டணம் கட்டினார்கள். இரண்டாம் ஆண்டுக்கு அவர் வரவில்லை. நானே போய்க் கேட்டேன். "மொதலாளி, கடனாக் குடுத்திருந்தா மாசாமாசம் அடைச்சிருப்பேன். இன்னொரு தடவை மேடையில ஏறச் சொன்னா பிள்ள செத்துப்போவா" என்றார். படிப்பு அத்தோடு நின்றது. அந்தப் பெண் பிறகு ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள்.

நாங்கள் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை. சமண மரபில் உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நால்வகைத் தானம் சொல்வார்கள். நானும் சாத்திர தானம் செய்துவிட்டதாகவே அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அவர் பேச்சைக் கேட்ட பிறகுதான், இப்படிப்பட்ட அமைப்புகள் வேறிடங்களில் எப்படி நடந்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மூன்று கேள்விகள்

அமைப்புகளின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் விழா மலர்கள். நிறுவனர் படம், தலைவர்களின் வரிசை, கட்டடத் திறப்பு, அமைச்சர் வந்த நாள், இவை இருக்கும். வசூலான பணம் எவ்வளவு, யாரிடம் வாங்கியது, யாருக்குப் போனது, திரும்பி வந்ததா என்பது இருக்காது. இதை வரலாறு என்பது, கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று சொல்வது போலத்தான்.

ஆகவே மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். ஒன்று: பணம் யாருடையது? இரண்டு: கணக்கை யார் பார்க்கலாம்? மூன்று: இன்று வாங்குகிறவன் நாளைக்குக் கொடுக்கிறவனாக ஆக வழி இருக்கிறதா? இந்த மூன்றையும் நான்கு அமைப்புகளிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

மகமை

விருதுநகரிலிருந்து மிளகாய் வற்றலும் பருப்பும் வாங்கும் வியாபாரிகளுக்குத் தெரியும்: தென்மாவட்ட மண்டி பில்லில் 'மகமை' என்று ஒரு வரி இருக்கும். சின்னத் தொகைதான். யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்த வழக்கத்தின் வேர் பழையது. சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று குணந்தாங்கிக் குரத்தியார் என்ற சமணப் பெண் துறவி பகவதிக்குப் பொன்னணி கொடுத்ததைச் சொல்கிறது. அது கொடை, ஒருவர் மனமுவந்து தந்தது. சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலையில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது வேறு மாதிரி. பல ஊர் வணிகர்கள் கூடி, உப்பு, நெல், பாக்கு, மிளகு, இரும்பு, நூல் என்று சரக்குக்குச் சரக்கு இவ்வளவு என விகிதம் வைத்துக் கோயிலுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. இது ஒருவருடைய தாராள மனசை நம்பியது அல்ல, ஒப்பந்தத்தை நம்பியது.

இந்த ஒப்பந்தத்தைக் கோயிலோடு நிறுத்தாமல் பள்ளிக்கூடத்துக்கும் பிழைப்புக்கும் திருப்பியவர்கள் இராமநாதபுரம் சீமை நாடார் வணிகர்கள். தெற்கிலிருந்து சரக்கேற்றி வந்தவர்கள் மாட்டு வண்டிகளைப் பத்திரமாக நிறுத்தப் பேட்டைகள் அமைத்தார்கள். பேட்டையில் நடக்கும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கு மகமையாகப் பொது நிதிக்குப் போயிற்று. உறவின்முறை அதை நிர்வகித்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஊர்களில் இது வேரூன்றியது. விருதுநகரில் 1889ல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் சமைக்கும்போது எடுத்து வைத்த பிடி அரிசி அந்தப் பள்ளியைத் தாங்கியது. காமராசர் படித்த பள்ளி அது. 1910ல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முயற்சியில் நாடார் மகாஜன சங்கம். 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி; 1962ல் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது.

இந்த வரலாற்றை 1969ல் நூலாக எழுதிய அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் ஹார்ட்கிரேவ் பெரிய உழைப்பு உழைத்திருக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, நம்மவர்கள் எழுதியிருக்க வேண்டிய நூல். ஆனால் ஒரு சமுதாயத்தின் அரசியல் பண்பாடு என்பதே அவர் எடுத்துக்கொண்ட நோக்கம். நூலும் அந்தத் திசையிலேயே நடக்கிறது. மகமை அவருக்கு அரசியல் ஒற்றுமைக்கு ஏறும் படிக்கட்டு. எனக்கோ படிக்கட்டே முக்கியம். பிடி அரிசி போட்டவள் ஏழையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியில் அவள் பிள்ளை இனாமுக்குப் படிக்கவில்லை. தன் வீட்டு அரிசியில் படித்தான். பணம் யாருடையது என்ற முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் பார்க்கவில்லை. கணக்கு உறவின்முறைக் கூட்டத்துக்கு உரியது; இரண்டாவது கேள்விக்கும் பதில் உண்டு. படித்து வந்தவன் கடை போட்டால் அவனும் மகமை கொடுக்க வேண்டும்; மூன்றாவதற்கும் உண்டு.

குறை ஒன்று உண்டு. சாதிக் கட்டு இருந்ததால்தான் அது நின்றது. அந்தக் கட்டுக்கு வெளியே இருந்தவனுக்கு அதில் இடமில்லை. பக்கத்துத் தெருவில் அதே பசியோடு இருந்த வேறு சாதிக்காரனுக்குப் பேட்டையின் கதவு கதவாகவே இருந்தது. பல சாதி, பல சமயத் தமிழர் கலந்து வாழும் சாலை போன்ற ஊரில் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

பத்து வெள்ளி

கடல் கடந்து மலாயாவுக்குப் போவோம். 1957ல் அங்கே சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, ரப்பர் தோட்டங்களை விற்க ஆரம்பித்தன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி மறுபடி விற்றார்கள். 'தோட்டத் துண்டாடல்' என்று அங்குள்ள தமிழர் அதைச் சொல்வார்கள். தோட்டம் போனால் வேலை மட்டும் போவதில்லை. லயத்து வீடு, தமிழ்ப் பள்ளி, மாரியம்மன் கோயில் எல்லாம் போயிற்று.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டும் தொழிலாளியிடம் 10 வெள்ளி, 10 வெள்ளியாகப் பங்குப்பணம் சேர்த்தார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவது திட்டம். 1961ல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொடர்ந்து வேறு தோட்டங்களும் வந்தன. சம்பந்தன் 1979ல் மறைந்தார்; சங்கம் மறையவில்லை. கோலாலம்பூரில் அவர் பெயர் தாங்கிய கட்டடத்திலிருந்து அது நடந்து வந்திருக்கிறது.

மகமையில் இருந்த சாதிக் கட்டு இதில் இல்லை. அரை நூற்றாண்டு, ஒரு நூற்றாண்டு கூலியாகவே இருந்த மக்களைப் பார்த்து, "உனக்கு உதவி செய்கிறேன்" என்று ஒருவர் வரவில்லை. "நீ முதலாளி ஆகு, 10 வெள்ளி கொடு" என்று வந்தார். பசித்தவனிடம் பணம் கேட்பதா என்று தோன்றும். நம் மேடையில் தலைகுனிந்து நின்ற பெண்ணை நினைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள், யார் யாரை மதித்தார்கள் என்று.

இதற்கும் குறை சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் திறனாய்வு ஆகாது. பங்குதாரர் ஆன பிறகும் அந்தத் தொழிலாளி விடியுமுன் எழுந்து அதே மரத்தைத்தான் வெட்டினார். நிலம் கைக்கு வந்தது, தொழில் மாறவில்லை. பிள்ளைகளை மரத்தடியிலிருந்து வேறு வேலைக்கு ஏற்றுவது நிலத்தை வாங்குவதால் மட்டும் நடக்கிற காரியம் அன்று. ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்து, தோட்டங்கள் நகரமான காலத்தில் அந்தக் குறை நன்றாகவே வெளியே தெரிந்தது.

மைக்கா

அதே நாடு, அதே மக்கள். 1982ல் ம.இ.கா. முன்னின்று 'மைக்கா ஹோல்டிங்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கியது. இந்தியர்கள் கம்பெனிப் பங்குகள் மூலம் நாட்டின் பொருளாதாரத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட நோக்கம். நோக்கத்தில் பழுதில்லை. சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் உண்டு. 10 வெள்ளி கேட்டு வந்தவரை நம்பி ஏமாறாத மக்கள், அந்த நம்பிக்கையிலேயே இதற்கும் கொடுத்தார்கள் என்பது என் கருத்து.

கம்பெனி எதிர்பார்த்தபடி வளரவில்லை. 1990ல் ஒதுக்கப்பட்ட 1 கோடி டெலிகாம் பங்குகளில் 10 லட்சம்தான் மைக்காவுக்கு வந்தது, மீதி வேறு கம்பெனிகளுக்குப் போயிற்று என்று பின்னால் வெளியாகி, பெரிய சர்ச்சை நடந்தது. கடைசியில் 2010ல் ஒரு தனியார் நிறுவனம் பங்குக்கு 80 காசு வீதம் தந்து வாங்கிக்கொள்ள முன்வந்தது. 1 வெள்ளி போட்டவருக்கு 28 ஆண்டு கழித்து 80 காசு!

முதல் கேள்வியில் மைக்கா தேறிவிடும், பணம் மக்களுடையதுதான். தோற்றது இரண்டாவது கேள்வியில். கையெழுத்துப் போட்டுப் பங்குப் பத்திரம் வாங்கிப் பெட்டியில் வைத்தவருக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும் வழி நடைமுறையில் இல்லை. பங்கு என்ற சொல் மட்டும் போதாது. கணக்கு திறந்திருக்காத இடத்தில் பங்கும் ஒருவகை மொய்தான். இலையில் என்ன வைத்தார்களோ அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வர வேண்டியது.

சிண்டா

மலேசியாவின் பக்கத்து நாடான சிங்கப்பூரில் 1991ல் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், சுருக்கமாகச் 'சிண்டா', ஏற்பட்டது. இந்திய மாணவர்கள் படிப்பில் பின்தங்குவதைப் பற்றி ஆராய்ந்த குழுவின் முடிவுப்படி பிறந்தது. வேலை செய்யும் இந்தியர் ஒவ்வொருவரின் மாதச் சம்பளத்திலிருந்தும் மத்திய சேமநிதி வழியாக ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். 2015ல் மாற்றிய விகிதப்படி, வருமானத்துக்குத் தக்கபடி 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. வேண்டாம் என்பவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு, குடும்பங்களுக்கு உதவி.

யோசித்துப் பார்த்தால் இது பிரான்மலைக் கல்வெட்டின் பேரப்பிள்ளை. விகிதம் வைத்து, எல்லாரிடமும் சிறு அளவில், முகம் தெரியாமல் வாங்குவது. 1 வெள்ளி கொடுப்பவரும் 30 வெள்ளி கொடுப்பவரும் ஒரே பட்டியலில். படிப்பில் உதவி பெற்ற பிள்ளை வேலைக்குப் போன மாதமே கொடுக்கிற பிள்ளை ஆகிவிடுகிறது. மூன்றாவது கேள்விக்கு இதைவிட ஒழுங்கான பதில் இல்லை. ஆனால் அங்கே அரசாங்கத்தின் கை பின்னால் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்துத் தர நமக்கு இங்கே யாரும் இல்லை. அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் பயனில்லை.

நம் வீட்டுப் பெண்கள்

அப்படியானால் சாலைக்கு எது பொருந்தும்? இதை யோசித்துக்கொண்டிருந்தபோது பதில் என் வீட்டுச் சமையலறைப் பக்கமே இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் ஒரு நாள் சீக்கிரம் புறப்பட்டார். என்ன விஷயம் என்றதற்கு, "கூட்டத்துக்குப் போணும் அய்யா, இன்னைக்கு நான்தான் கணக்கு வாசிக்கணும்" என்றார்.

1998ல் கேரள அரசு தொடங்கிய குடும்பஸ்ரீயில், ஒரு தெருவில் 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து ஓர் அயல்கூட்டம். வாரம் ஒரு சிறு சேமிப்பு. அதிலிருந்து கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு வாசிப்பு. நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்களும் அதில் இருக்கிறார்கள். அந்த அம்மாள் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழில். கணக்கை மலையாளத்தில் வாசிக்கிறார். மூன்று கேள்விகளையும் அவரிடம் கேட்டால் மூன்றுக்கும் சரியான பதில் சொல்லுவார். நாங்கள் ஆண்கள் ஆண்டுதோறும் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்திருக்கிறது!

ஒரு வேறுபாடு உண்டு. வாரச் சேமிப்பு ஒரு தையல் இயந்திரத்துக்குக் காணும். நான்கு ஆண்டுப் படிப்புக்குக் காணாது. அந்த இடைவெளியில்தான் கடைக்காரர்களாகிய நமக்கு வேலை இருக்கிறது. நம் கடைகள் விகிதம் வைத்து ஒரு சிறு தொகை ஒதுக்கட்டும். கடையில் நிற்பவரும் தன்னால் ஆனதைப் போடட்டும், அது 10 ரூபாயாக இருந்தாலும். அதிலிருந்து படிப்புக்குக் கடன். வட்டி வேண்டாம், திருப்பிக் கட்டுவது கட்டாயம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேர் கடையில் நிற்பவர்களாக இருக்க வேண்டும். மேடையும் வேண்டாம், படமும் வேண்டாம். வாங்கியவர் பெயர் வெளியே போகக் கூடாது. மொத்தக் கணக்கு மட்டும் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

சாதியை அடித்தளமாக வைக்காமல் நம்பிக்கை நிற்குமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மகமையைக் காத்தது சாதிக் கட்டு. ஆனால் 10 வெள்ளியைக் காத்தது சாதி அன்று, அயல்கூட்டத்தைக் காப்பதும் அன்று. அங்கெல்லாம் கணக்கு வாசிக்கிற பழக்கம் அந்த வேலையைச் செய்கிறது. மைக்காவில் அந்தப் பழக்கம் இல்லாததால் ஒரே இனம், ஒரே மொழி என்ற கட்டு இருந்தும் பயன்படவில்லை.

சங்கம் வேண்டாம், விழா வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொங்கல் விழாவுக்கு என் கடையிலிருந்து வெல்லம் வழக்கம் போல வரும். பிள்ளைகள் தமிழில் பேசிப் பரிசு வாங்குவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் பரிசு வாங்கும் மேடையும் படிப்புக்குப் பணம் வாங்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பெண்ணின் படிப்பு செலவாயிற்று. அந்தக் கணக்கு என் பெயரில் இன்னும் பற்று வைத்தே இருக்கிறது.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் என் கட்டுரைக்கு ஒதுக்கும் பக்கங்களில், அப்படி ஒரு நிதி தொடங்கியிருந்தால், அதன் வரவு செலவை அச்சிடுங்கள். மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமானால் சொல்லி அனுப்புங்கள். கடை அடைத்த பிறகு வந்து கூட்டல் சரியா என்று பார்த்துத் தருகிறேன்.